நூலக மூலை: பூட்டிய வீட்டின் மர்மக் கதை

"மாதந்தோறும் இப்பகுதியில் புலவர்களையும் பயண நூல்களையுமே அறிமுகம் செய்கிறீர்கள்; இரவில் விளக்கை அணைக்க விடாத மர்மக் கதை ஒன்றைச் சொன்னால் குற்றமா?" என்று தாதர் கிழக்கிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

குற்றம் இல்லை. நாமும் மர்மக் கதை படித்து வளர்ந்தவர்களே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரையும் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். அவர்களுள் சிலர் இன்று தலை நரைத்துச் செயற்குழுவில் அமர்ந்து, இளைஞர்க்கு நல்ல நூல்களைப் படிக்குமாறு அறிவுரை கூறுகின்றனர்.

ஆகவே இத்திங்கள் மர்மக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இக்கதையில் துப்பறிபவர் இல்லை, பிணமும் இல்லை. குற்றவாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கதைத்தலைவி உயிரோடு தப்பினாள் என்பதும் முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் கீழே வைக்க மனமின்றி இரண்டு இரவுகளில் படித்து முடித்தோம். இரண்டாம் இரவு உறக்கம் வரவில்லை.

நூலைச் சொல்லுமுன் மற்றொன்றைச் சொல்லிவிடுகிறோம். மணவாழ்வில் வதைபட்ட பெண்ணைப் பற்றிய மர்மக் கதை என்றவுடன் பலர்க்கு நினைவு வருவது ரஸ்கின் பாண்ட் எழுதிய 'சூசன்னாவின் ஏழு கணவர்கள்'. முதலில் அது சிறுகதையாக இருந்தது. திரைப்பட இயக்குநர் விஷால் பரத்வாஜின் விருப்பத்துக்கு இணங்க ஆசிரியர் அதனைக் குறுநாவலாக விரித்தார். 2011ஆம் ஆண்டில் 'சாத் கூன் மாஃப்' என்னும் இந்திப் படமாகவும் அது வெளிவந்தது. படத்தில் முதற்கணவன் சந்தேகமே உருவான படை அதிகாரி. பின்னர் வரும் ஒருவன் கவிஞன். பகலெல்லாம் மென்மையாகப் பேசி, இரவில் அடிப்பவன். கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாய்கின்றனர். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆயினும் அடுத்தவன் எப்படிச் சாவான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நாம், அவள் பட்ட அடிகளை எண்ணாமலே அரங்கைவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அக்கதையின் குறை அதுவே என்பது நம் கருத்து.

நாம் சொல்ல வந்த நூல் வேறு. சென்னையில் பிறந்த மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'வென் ஐ ஹிட் யூ'. 'நான் உன்னை அடிக்கும்போது' என்று பொருள். 2017இல் வெளிவந்தது. 2018ஆம் ஆண்டு பெண் எழுத்தாளர்க்கான பிரிட்டிஷ் புனைகதைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஆசிரியர் தம் மணவாழ்வில் நேர்ந்த கொடுமையை 2012இலேயே ஆங்கில வார இதழ் ஒன்றில் கட்டுரையாக எழுதியவர். ஆனால் இது தன்வரலாறு அன்று, நாவலாகவே எழுதப்பட்டுள்ளது. கதையைச் சொல்லும் பெண்ணுக்குப் பெயரே இல்லை.

அவள் படித்தவள்; எழுதுகிறவள். மணந்துகொண்டவன் கல்லூரி விரிவுரையாளன், புரட்சி பேசுகிறவன், உழைக்கும் மக்களுக்காகக் கண்ணீர் விடுகிறவன். மணம் முடிந்ததும் இருவரும் மங்களூரில் குடியேறுகின்றனர். குடி, வறுமை, கல்லாமை என்று நாம் வழக்கமாகக் கூறும் காரணங்கள் ஒன்றும் அவ்வீட்டில் இல்லை. அடி மட்டும் இருக்கிறது.

அடி முதல் நாளே வந்துவிடவில்லை. நூலின் திகில் அங்கேதான் இருக்கிறது. முதலில் அவள் முகநூல் கணக்கை மூடிவிட வேண்டும் என்கிறான். மறுத்தபோது அவளைத் தொடவில்லை. தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தித் தன் மேனியையே சுட்டுக்கொள்கிறான். அவள் அஞ்சி இணங்குகிறாள். அடுத்து மின்னஞ்சலின் கடவுச்சொல் அவன் கைக்குப் போகிறது. பின்னர் அவளுக்கு வந்த கடிதங்களுக்கு அவள் பெயரில் அவனே விடை எழுதுகிறான். ஒரு நாள் பல ஆண்டுக் கடிதங்கள் யாவும் அழிக்கப்பட்டிருக்கின்றன. கைப்பேசியும் அடங்குகிறது. இவ்வளவும் முடிந்த பிறகே கை ஓங்குகிறது. கணிப்பொறியின் மின்கம்பி, துணி துவைக்கும் பொறியின் குழாய் என்று வீட்டில் கண்ணெதிரே இருக்கும் பொருள்களே கருவியாகின்றன. படித்து முடித்தபின் நம் வீட்டுத் துவைபொறிக் குழாயைப் பார்த்தபோது நமக்கு என்னவோ போல் இருந்தது.

பகலில் அவன் கல்லூரிக்குச் சென்றதும் அவள் கற்பனைக் காதலர்க்குக் கடிதங்கள் எழுதுகிறாள். அவன் திரும்புமுன் அவற்றை ஒரு சொல் விடாமல் அழித்துவிடுகிறாள். சாவி திரும்பும் ஓசைக்கு முன் அழித்தாக வேண்டும். இதைவிட நெஞ்சு பதறும் காட்சியை எந்தத் துப்பறியும் நாவலிலும் நாம் படித்ததில்லை. (அக்கடிதங்கள் சற்று நீளம் என்பதையும் கூறிவிட வேண்டும். அத்தியாயந்தோறும் தலைப்பில் பிற எழுத்தாளர் வாசகங்கள் வேறு நிற்கின்றன. மாணவர்க்குப் பயன்படலாம், நாம் பலவற்றைத் தாண்டிச் சென்றோம்.)

தொலைபேசியில் பெற்றோர் பேசுகின்றனர். பொறுத்துக்கொள், காலம் செல்லச் செல்லச் சரியாகும், எதிர்த்துப் பேசாதே என்பதே அவர்கள் சொல்லும் மருந்து. கொடியவர்கள் அல்லர், மகளை நேசிப்பவர்களே. அவள் நான்கு திங்களில் தப்பி வந்துவிடுகிறாள். ஆண்டுகள் சில கழிந்தபின், தாய் அந்தக் கதையை அயலார்க்குச் சொல்லும்போது, மகள் வீடு வந்த அன்று அவள் பாதங்கள் இருந்த நிலையையும் தலையில் மண்டிக்கிடந்த பேனையுமே விரிவாகச் சொல்கிறாள். அடியைப் பற்றிய பேச்சு அடங்கிப்போகிறது. பேனை எடுத்த தாயின் பெருமை மிஞ்சுகிறது. நூல் தொடங்குவதே இங்கிருந்துதான். நகைப்பும் வந்தது, நாணமும் வந்தது.

இனி நாம் இந்நூலை இப்பகுதிக்கு எடுத்துக்கொண்ட காரணத்துக்கு வருகிறோம். மங்களூரில் அவளுக்குக் கன்னடம் தெரியாது. கற்றுக்கொண்ட சில சொற்களும் விலை, பால், காய்கறி என்று கடைத்தெருவுக்கு உரியவை. தமிழிலும் ஆங்கிலத்திலும் அவள் ஓர் எழுத்தாளர். அந்த ஊர் மொழியில் அவள் காய் வாங்கும் மனைவி, அவ்வளவே. துன்பத்தைச் சொல்ல அம்மொழியில் அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பக்கத்தில் நம் கண் நின்றுவிட்டது.

ஏனெனில் அப்பெண்ணை நாம் அறிவோம். தாதர் நிலையத்தில் அவளைப் பார்த்திருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து வரும் சாளுக்கியா விரைவு வண்டியில் இறங்கி, புது மஞ்சள் சரடும் தகரப் பெட்டியுமாக, மேம்பாலத்துக் கூட்டத்தில் கணவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பவள் அவள். தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு வீட்டுக்குள் போகிறாள். ஆறு திங்களில் 'கித்னா' என்று கேட்கிறாள். 'காந்தா' என்றால் வெங்காயம், 'படாடா' என்றால் உருளைக்கிழங்கு என்று அறிகிறாள். நாமும் "பெண் கெட்டிக்காரி, ஊர்ப்பழக்கம் வந்துவிட்டது" என்று மெச்சிக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அடைமழைக்காலத்து மாலை ஒன்றில், நம் சங்க அறைக்கு இப்படிப்பட்ட பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பில் குழந்தை. மேற்கையில் புண். பெயர் வேண்டாம். அவள் கணவன் நமக்கு வேண்டியவன். பொங்கல் விழாவில் நாற்காலி சுமப்பதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை முன்நிற்பவன். பெரியவர் இருவரும் நாமும் இருந்தோம். அவனை வரவழைத்தோம். வந்தவன் நம் காலில் விழாக் குறையாக அழுதான். "அண்ணாச்சி, இனிமேல் இப்படி நடக்காது" என்றான். பெரியவர் ஒருவர் அப்பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, அதுதான் மன்னிப்புக் கேட்கிறானே, வீட்டுக்குப் போகலாம் இல்லையா?" என்றார். அவள் "சரிங்க ஐயா" என்றாள். தேநீர் வரவழைத்தோம். அவ்வளவு நேரத்தில் அவள் பேசிய சொல் அது ஒன்றே. மழைக்கு நம் குடையையும் கொடுத்து இருவரையும் அனுப்பினோம். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம் என்ற நிறைவோடு நாமும் வீடு திரும்பினோம்.

நெடுநாள் சென்றபின் அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர் மீதிக் கதையைச் சொன்னார். சங்கத்துக்கு வருமுன்னரே அவள் ஒருமுறை காவல் சாவடிக்குச் சென்றிருக்கிறாள். அங்கே இருந்த காவலர் மராத்தியில் கேட்டிருக்கிறார். அவளுக்கு விளங்கவில்லை. பின்னாலேயே வந்த கணவன், "நான் சொல்கிறேன் சாகேப்" என்று முன்வந்து, அவள் சொன்னதை மொழிபெயர்த்திருக்கிறான். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று! காவலர் அவளைப் பார்த்திருக்கிறார். அவளும் தன் சொற்கள்தாம் சொல்லப்படுகின்றன என்று நம்பித் தலையசைத்திருக்கிறாள். அன்று மாலை அவளுக்குக் கிடைத்தது முன்னையினும் பெரிய அடி.

அதன் பிறகே நம்மிடம் வந்திருக்கிறாள். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் இடம் என்று தேடி வந்திருக்கிறாள். அவன் அழுததை மட்டுமே நாம் மொழிபெயர்த்துக்கொண்டோம். தீக்குச்சியால் தன்னைச் சுட்டுக்கொண்ட நாவல் நாயகனைப் படித்தபோதுதான் அந்தக் கண்ணீரும் ஒரு கருவியே என்பது நமக்கு விளங்கிற்று.

அவள் பிழைத்துக்கொண்டாள். நம்மால் அன்று, ஒரு நாள் விடியற்காலையில் குழந்தையோடு தாதருக்கு வந்து, ஊர் வண்டி ஏறிவிட்டாள். பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தவர் அந்த அடுத்த வீட்டு அம்மையாரே. அவர் நம் சங்க உறுப்பினரல்லர், தமிழரும் அல்லர்.

இத்தகையது நம் ஊரில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்தில் கிராலி என்னும் நகரில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண் பத்தாண்டுக் காலம் கணவனின் கொடுமையைத் தாங்கினார். 1989ஆம் ஆண்டு மே திங்களில், உறங்கிக்கொண்டிருந்த கணவன்மேல் தீயிட்டார். சில நாளில் அவன் இறந்தான். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. வழக்கின்போது அவர் சாட்சிக் கூண்டேறித் தம் கதையைச் சொல்லவே இல்லை. சிறையில் இருந்த அவருக்காக எழுந்து நின்றது, சௌதால் பகுதியில் குடியேறிய பெண்கள் நடத்திவந்த சிறிய அமைப்பு ஒன்று. 1992இல் மேல்முறையீட்டு மன்றம் பழைய தீர்ப்பை நீக்கியது. மறுவிசாரணையில் அது கொலைக்குக் குறைந்த குற்றமாக ஏற்கப்பட்டு, அதுவரை கழித்த சிறைக்காலமே தண்டனையாக, அவர் விடுதலை பெற்றார். 'சூசன்னா' படத்தில் நாம் கைதட்டிப் பார்த்த நிகழ்ச்சி மெய்யாக நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இது சான்று. பத்தாண்டுகளில் ஒரு நாளேனும் ஒருவர் செவிகொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு உயிர்களும் பிழைத்திருக்கக்கூடும்.

நம்மவர் வீடுகளில் இதெல்லாம் அரிது என்று கூறுவோர் இருப்பர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பார்க்க வேண்டுகிறோம். 18 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட, மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு உள்ளானவர்கள் இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். நாம் வந்து குடியேறிய மகாராட்டிரத்தில் 25 பேர். ஊரிலிருந்து இட்லிக் கொப்பரையை மட்டும் நாம் கொண்டுவரவில்லை போலும்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் நம் போன்ற குடியேறிகளுக்குப் பயன்படும் செய்திகள் அதில் உள. கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கிய 498அ பிரிவு 1983இல் வந்தது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து அதுவே புதிய நியாய சங்கிதையில் 85ஆம் பிரிவாக நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடி மட்டும் வன்முறை என்று அச்சட்டம் கூறவில்லை. இழிசொல், அச்சுறுத்தல், கைச்செலவுக்கும் பணம் தராமை, தாலிக்கொடியைப் பறித்து அடகு வைத்தல் முதலியனவும் அதில் அடங்கும்.

ஊருக்குத் திரும்பிவிட்ட பெண் வழக்குக்காக மும்பைக்கு வந்து நிற்க வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 498அ வழக்கையும் அவள் தஞ்சம் புகுந்த ஊரிலேயே தொடரலாம் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருநெல்வேலிப் பெண் திருநெல்வேலியிலேயே, தமிழிலேயே சொல்லலாம். மற்றொன்று, "வீடு என் பெயரில் இருக்கிறது, வெளியே போ" என்று மாமியார் சொல்லும் வழக்கு. இந்நகரில் ஓர் அறை வீட்டின் விலை நாம் அறிந்ததே. அந்த மிரட்டலுக்கு அஞ்சியே வாய் திறவாதவர் பலர். கணவனோடு குடித்தனம் நடத்திய வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை மருமகள் கோரலாம் என்று 2020 அக்டோபரில் அதே மன்றம் கூறியது. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலையும் வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவி ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம். இவையெல்லாம் ஏட்டில் எழுதியபடி விரைவாக நடக்கின்றன என்று நாம் சொல்லமாட்டோம். நாவலிலும் தப்பி வந்தபின் காவல் நிலையமும் வழக்கு மன்றமும் அவளை எளிதில் விடவில்லை.

இந்நகரில் செல்லத்தக்க இடங்களும் உண்டு. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் 1984இல் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே பெண்களுக்கான தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினர். பின்னர் அம்முறை மகாராட்டிரம் எங்கும் பரவிற்று. பாந்திராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனைக்குள் 2000ஆம் ஆண்டு முதல் 'திலாசா' என்னும் ஆறுதல் மையம் இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்லக்கூடிய இடம் என்பதே அதன் சிறப்பு. தாராவியில் 1999இல் தோன்றிய 'ஸ்நேகா' அமைப்பினர் பணியாற்றுகின்றனர். 181 என்னும் எண்ணுக்குப் பணம் இல்லாமலே பேசலாம்.

ஆனால் இவ்விடங்களிலும் அவள் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். கணவனுக்கு மராத்தியில் 'நவரா', அடிப்பதற்கு 'மாரஹாண்', முறையீட்டுக்குத் 'தக்ரார்'. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கற்ற நாவுக்கு இந்த மூன்று சொற்கள் கடினமல்ல. அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அவள் தமிழிலேயே சொல்லட்டும். உடன் சென்று மராத்தியில் எடுத்துரைக்க நம் சங்கத்து மகளிர் நால்வர் இசைந்துள்ளனர். நால்வரும் இந்நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். கணவனையோ செயற்குழுவையோ கேட்டுக்கொண்டு வரவேண்டியதில்லை. அவர்களைக் காண விரும்புவோர் ஞாயிறு மாலை தையல் வகுப்பு நடக்கும் நேரத்தில் வரலாம். தையலுக்கு வந்ததாகவே இருக்கட்டும்.

கடிதம் எழுதிய தாதர் அன்பர்க்கு ஒரு சொல். துப்பறிபவர் இல்லாமல் மர்மக் கதையா என்று தாங்கள் முகம் சுளிக்கக்கூடும். அப்படியாயின் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' என்னும் நூலை எடுத்துச் செல்லுங்கள். 2014இல் வெளிவந்தது. அதில் சுதா குப்தா என்னும் பெண் துப்பறிகிறார், களம் நம் மும்பையே, மொழி தமிழ். அதைப் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

மீனா கந்தசாமியின் நூல் நம் நூலகத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. மேலட்டையில் பெயர் தெரியாதவாறு பழுப்புத்தாள் உறை இட்டு, சமையல் நூல்கள் இருக்கும் அடுக்கில் வைத்திருக்கிறோம். எடுத்துச் செல்பவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை என்று நூலகப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். திருப்பித் தரும் நாளும் குறிக்கப்படமாட்டாது.